2024 லிபர்ட்டியா, 2025 ஏசஸா? என் ஓட்டு லாஸ் வேகஸுக்கே

பெண்கள் கூடைப்பந்தைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். பழைய சீசன் ஒன்றை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் எதைப் பார்ப்பது? அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் எனக்கு இரண்டு சீசன்கள் போட்டி போட்டுக்கொண்டு முன்னால் வரும். ஒன்று, நியூயார்க் லிபர்ட்டி முதன்முறையாகக் கோப்பை வாங்கிய 2024. இன்னொன்று, லாஸ் வேகஸ் ஏசஸ் பாதி வழியில் குப்புற விழுந்து, எழுந்து, கோப்பையோடு முடித்த 2025. சமீபத்தில் கிடைத்த விடுமுறையில் ஒன்றைத்தான் முதலிலிருந்து திரும்பப் பார்க்க நேரம் இருந்தது. ஏசஸை எடுத்தேன். ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. லிபர்ட்டி ரசிகர்களுக்குக் கோபம் வரலாம், அவர்கள் பக்கத்து நியாயத்தையும் முடிந்தவரை சொல்கிறேன்.

ஆட்டக்காரர்களின் தரத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரு பக்கம் பிரியானா ஸ்டூவர்ட், சப்ரீனா அயோனெஸ்கு, ஜான்க்வெல் ஜோன்ஸ். மறுபக்கம் ஏஷா வில்சன், செல்சி கிரே, ஜாக்கி யங். கோச்சாக லிபர்ட்டிக்கு சாண்டி பிரான்டெல்லோ, ஏசஸுக்கு பெக்கி ஹேமன். இருவருமே அதற்கு முன்பே கோச்சாகக் கோப்பை பார்த்தவர்கள். வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் எடுத்தால் லிபர்ட்டிதான் மேல்: 40 ஆட்டங்களில் 32 வெற்றி, லீக்கிலேயே முதலிடம். ஏசஸுக்கு 44-இல் 30. சரி, அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

லிபர்ட்டியின் பக்கம் இருக்கும் பெரிய பலம் காத்திருப்பு. 1997-இல் லீக் தொடங்கியபோதே இருந்த அணி அது. அந்த முதல் வருஷமே ஃபைனலில் தோல்வி. அப்புறம் 1999, 2000, 2002, கடைசியாக 2023. ஐந்து முறை வாசல்வரை போய்த் திரும்பியவர்கள். 1999 ஃபைனலின் இரண்டாம் ஆட்டத்தில் தெரசா வெதர்ஸ்பூன் மைதானத்தின் பாதியிலிருந்து எறிந்த பந்து கூடைக்குள் போய் ஆட்டத்தை வென்று கொடுத்தது. ஆனாலும் அந்தத் தொடரை ஹூஸ்டன் காமெட்ஸ்தான் எடுத்துக்கொண்டு போனது. பின்னாளில் நகரத்துக்கு வெளியே வெஸ்ட்செஸ்டரில் ஒரு சிறிய அரங்குக்குத் தள்ளப்பட்டு, கொஞ்சம் பேர் மட்டும் பார்க்க ஆடினார்கள். 2019-இல் உரிமையாளர்கள் மாறிய பிறகு புரூக்ளினுக்கு வந்து, பார்க்லேஸ் சென்டரை நிரப்பி, கடைசியில் கோப்பையும் வாங்கினார்கள். 2024 அக்டோபரில் மன்ஹாட்டன் தெருவில் காகிதத் துணுக்குகள் பறக்க ஊர்வலம் போனபோது, வெஸ்ட்செஸ்டர் காலத்திலும் டிக்கெட் வாங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்கத்தான் முடியும். இந்த அரங்குகள் எதற்கும் நான் போனதில்லை. பார்த்ததெல்லாம் திரையில்தான். கூட்டத்தின் இரைச்சலை வைத்து ஒரு சீசனை எடை போடுபவர்களோடு நான் வாதாட வர மாட்டேன்.

ஃபைனல் தொடரை மட்டும் தனியாக எடுத்தாலும் 2024-ஐ மிஞ்சுவது கஷ்டம். மினசோட்டா லின்க்ஸுக்கு எதிரான ஐந்து ஆட்டத் தொடரின் முதல் ஆட்டத்தில் 18 புள்ளி முன்னிலையை லிபர்ட்டி தொலைத்தது. கடைசி நொடிகளில் லின்க்ஸின் கோர்ட்னி வில்லியம்ஸ் மூன்று புள்ளி ஷாட்டும் அதோடு ஒரு ஃப்ரீ த்ரோவும் (ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஒரு புள்ளி ஷாட்) போட்டார். கூடுதல் நேரத்தில் நஃபீசா காலியரின் கூடை. 95-93 என்று லின்க்ஸ் வென்றது. மூன்றாம் ஆட்டத்தில் 15 புள்ளி பின்தங்கியிருந்து மீண்டு வந்து, ஒரு நொடி மிச்சமிருக்கும்போது வெகுதூரத்திலிருந்து அயோனெஸ்கு போட்ட ஷாட்டால் 80-77. நான்காவதை லின்க்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோக்களால் எடுத்தது. ஐந்தாவது மறுபடி கூடுதல் நேரம், 67-62. இத்தனை இழுபறியான தொடர் அடிக்கடி கிடைக்காது.

அந்த ஐந்தாம் ஆட்டத்தில்தான் எனக்கு ஒரு நெருடல். ஆட்ட நேரம் முடிய ஐந்து நொடி இருக்கும்போது, லின்க்ஸின் அலானா ஸ்மித், லிபர்ட்டியின் ஸ்டூவர்ட் மீது ஃபவுல் செய்ததாக நடுவர்கள் விசில் ஊதினார்கள். லின்க்ஸ் கோச் ஷெரில் ரீவ் மறுபரிசீலனை கேட்டும் முடிவு மாறவில்லை. ஸ்டூவர்ட் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் போட்டு 60-60 என்று சமன் செய்தார். கோப்பையைத் தங்களிடமிருந்து பறித்துவிட்டார்கள் என்று ரீவ் வெளிப்படையாகவே சொன்னார். ரொம்ப லேசான தொடுதல் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அதற்காக லிபர்ட்டியின் வெற்றியைக் குறைத்துப் பேச மாட்டேன். ஏனென்றால் அதற்குப் பிறகு ஐந்து நிமிடக் கூடுதல் நேரத்தில் லின்க்ஸை இரண்டே புள்ளிகளில் நிறுத்தியது லிபர்ட்டியின் தடுப்பாட்டம். அயோனெஸ்குவுக்கு அன்றைக்கு 19 முயற்சியில் ஒன்றுதான் உள்ளே போனது. அப்படிப்பட்ட நாளில் பெஞ்சிலிருந்து மாற்று ஆளாக வந்த நியாரா சபாலி 13 புள்ளி, லியோனி ஃபீபிக் 13 புள்ளி, ஜோன்ஸ் 17 புள்ளி எடுத்துக் கரை சேர்த்தார்கள். பஹாமாஸிலிருந்து வந்த ஜோன்ஸ் அதற்கு முன் மூன்று ஃபைனல்களில் தோற்றவர். இந்த முறை ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் ஏசஸ் என்று கேட்பீர்கள்.

நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தைத்தான். போட்ட திட்டம் உடைந்த பிறகு அந்த அணி என்ன செய்தது? 2024 லிபர்ட்டியின் திட்டம் பெரும்பாலும் உடையவே இல்லை. ஆரம்பத்திலிருந்தே நல்ல அணி, கடைசி வரை நல்ல அணி. அது பாராட்ட வேண்டிய விஷயம்தான். ஆனால் முழு சீசனாகப் பார்க்கும்போது, ஜூன் மாதத்து லிபர்ட்டிக்கும் செப்டம்பர் மாதத்து லிபர்ட்டிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏசஸ் அப்படியில்லை. ஜூனில் பார்ப்பது ஓர் அணி, அக்டோபரில் பார்ப்பது வேறோர் அணி.

2025 தொடங்கும் முன்பே கெல்சி பிளம் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டார். 2022, 2023 கோப்பைகளில் முக்கியமான கை அது. அந்த மூன்று அணி பரிமாற்றத்தில் சியாட்டிலிலிருந்து வந்தவர் ஜூவல் லாய்ட். காகிதத்தில் சரியான மாற்று. களத்தில் ஒட்டவே இல்லை. பந்து ஓடாது, வில்சனிடம் கொடுத்துவிட்டு மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள், தடுப்பில் ஓட்டை. ஆகஸ்ட் 2-ஆம் தேதி சொந்த ஊரிலேயே லின்க்ஸிடம் 111-58 என்று தோற்றார்கள். 53 புள்ளி வித்தியாசம். அதற்கு முன்பு லீக்கில் எந்த அணியும் வெளியூரில் போய் அவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்ததில்லை. அன்றைக்கு ஏசஸின் கணக்கு 14 வெற்றி, 14 தோல்வி. அந்தத் தோல்வியில் வெட்கப்படாதவர்கள் பயிற்சிக்கே வர வேண்டாம் என்ற பொருளில் வில்சன் சக வீராங்கனைகளுக்குச் செய்தி அனுப்பினார். மறுநாளே கோல்டன் ஸ்டேட் அணியை வென்றார்கள். அதற்குப் பிறகு லீக் சுற்றில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. வரிசையாக 16 வெற்றி.

வில்சனின் செய்தியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது லாய்ட் செய்த காரியம். அவர் யாரென்று முதலில் பார்க்க வேண்டும். அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்டில் 2015-இல் முதல் ஆளாகத் தேர்வானவர். சியாட்டிலோடு 2018, 2020 என இரண்டு கோப்பை. 2023-இல் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். இப்படி ஒருவர், சீசன் பாதியில், நான் முதல் ஐந்து பேரில் ஆட வேண்டியதில்லை, பெஞ்சிலிருந்து வருகிறேன் என்று கோச்சிடம் தானே சொல்கிறார். சம்பளத்துக்கும் அடுத்த ஒப்பந்தத்துக்கும் பெயருக்கும் இடிக்கும் முடிவு. ஆனால் ஆட்டத்தில் நடந்தது என்ன? கியர்ஸ்டன் பெல் முதல் ஐவரில் வந்தார், தன்னிடம் பந்து வரவேண்டும் என்று கேட்காமல் எதிரணியின் ஆபத்தான ஆளைத் துரத்தினார். பந்து கிரே கையில் நின்றது. எதிரணியின் முதல் ஐவர் களைத்து உட்காரும் நேரத்தில் லாய்டும் டேனா எவன்ஸும் உள்ளே வந்து மூன்று புள்ளி ஷாட்களாக எறிந்தார்கள். முதலில் ஒருவருக்கொருவர் இடைஞ்சலாக இருந்த அதே ஆட்கள், வரும் நேரம் மாறியதும் இரண்டு தனித்தனி தாக்குதல்களாக மாறினார்கள்.

இது எங்கே பலன் கொடுத்தது என்று பார்க்க ஃபைனலின் முதல் ஆட்டம் போதும். ஃபீனிக்ஸ் மெர்க்குரிக்கு எதிராக 89-86 வெற்றி. எவன்ஸ் 21, லாய்ட் 18. பெஞ்சிலிருந்து மட்டும் 41 புள்ளி. அன்றைக்கு முதல் ஐவரை மட்டும் நம்பியிருந்தால் ஏசஸ் தோற்றிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாம் ஆட்டத்தில் யங் 32 புள்ளி, அதில் 21 மூன்றாம் கால்பகுதியில் மட்டும். மூன்றாம் ஆட்டத்தில் பெரிய முன்னிலையை விட்டுக்கொடுத்து 88-88 என்று ஆனபிறகு, மெர்க்குரியின் அலிஸா தாமஸும் டிவானா பானரும் மேலே எழும்பித் தடுக்க, வில்சன் பின்னால் சாய்ந்து எறிந்தார். 0.3 நொடி மிச்சம். 90-88. நான்காம் ஆட்டம் 97-86, தொடர் 4-0. ஃபைனலில் வில்சனின் சராசரி 28.5 புள்ளி, 11.8 ரீபவுண்ட் (உள்ளே போகாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது நான்காவது முறை, சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அலானா ஸ்மித்தோடு பகிர்ந்து, அதிகப் புள்ளி, ஃபைனல் விருது, எல்லாம் ஒரே சீசனில். அப்படி இதுவரை யாரும் செய்ததில்லை.

சக ஆட்டக்காரருக்காக இடம் விட்டுக்கொடுப்பது லிபர்ட்டியிலும் நடந்தது என்று சொல்வீர்கள். உண்மைதான். 2024 பிளே-ஆஃபில் (லீக் சுற்றுக்குப் பிந்தைய சுற்றுகளில்) கோர்ட்னி வாண்டர்ஸ்லூட்டை பெஞ்சுக்கு அனுப்பி, ஜெர்மனியின் ஃபீபிக்கை முதல் ஐவரில் இறக்கினார் பிரான்டெல்லோ. வாண்டர்ஸ்லூட் போன்ற மூத்த பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) முகம் சுளிக்காமல் அதை ஏற்றதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அது ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்த அணியைக் கொஞ்சம் கூர்மைப்படுத்திய மாற்றம். லாய்ட் விஷயத்தில் அணி மூழ்கிக்கொண்டிருந்தது.

ஏசஸுக்கு எதிராகவும் சொல்ல வேண்டியவை உண்டு, மறைக்க மாட்டேன். அவர்கள் பாதையில் எதிரணிகள் காயத்தோடு வந்தன. செமி ஃபைனலில் இண்டியானா ஃபீவருக்கு அவர்களுடைய நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க் இல்லை. அப்படியும் ஐந்தாம் ஆட்டத்தில் கூடுதல் நேரம் வரை போய்த்தான் ஏசஸ் தப்பியது. அந்த ஆட்டத்தின் நடுவிலேயே ஃபீவரின் கெல்சி மிட்செலும் வெளியேற வேண்டி வந்தது. 34 வெற்றிகளோடு முதலிடம் பிடித்த லின்க்ஸ், மெர்க்குரியிடம் தோற்ற தொடரில் காலியரைக் காயத்துக்குப் பறிகொடுத்தது. ஃபைனலிலும் மூன்றாம் ஆட்டத்தில் அடிபட்ட மெர்க்குரியின் சாட்டு சபாலி நான்காவதில் ஆடவில்லை. (நியாராவின் அக்காதான் சாட்டு. தங்கை 2024-இல் கோப்பை வாங்கினார், அக்கா 2025 ஃபைனலில் தோற்றார். அந்தக் குடும்பத்தை நினைத்தால் மனசு பாரமாகிறது.) முதல் சுற்றிலேயே சியாட்டிலிடம் 74-73 என்று மயிரிழையில் பிழைத்தவர்கள் ஏசஸ். எல்லோரும் முழு உடல்நலத்தோடு இருந்திருந்தால் லின்க்ஸை ஏழு ஆட்டத் தொடரில் வென்றிருப்பார்களா என்று கேட்டால் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. லிபர்ட்டிக்கு அந்தக் கேள்வியே எழாது. அவர்கள் நடப்புச் சாம்பியனாக இருந்த ஏசஸையும் 3-1 என்று வென்று, லீக்கில் இரண்டாமிடம் பிடித்த லின்க்ஸையும் வென்றுதான் கோப்பை வாங்கினார்கள்.

அடுத்த வருஷம் என்ன ஆனது என்பதையும் கொஞ்சம் கணக்கில் எடுக்கிறேன். 2025-ஐ லிபர்ட்டி வரிசையாக 9 வெற்றிகளோடு தொடங்கியது. பிறகு ஜோன்ஸ், ஸ்டூவர்ட், ஃபீபிக் என்று காயம் வரிசை கட்டியது. 27-17 என்று முடித்து, முதல் சுற்றில் மெர்க்குரியிடம் தோற்றார்கள். ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் பிரான்டெல்லோ வெளியேறினார். முதல் கோப்பையைக் கொடுத்தவருக்கு அப்படி ஒரு வழியனுப்பலா என்று இன்னும் எனக்கு வருத்தம் இருக்கிறது. காயத்துக்கு அணியைக் குறை சொல்ல முடியாது, ஆனால் திட்டம் உடைந்தபோது அவர்களிடம் மாற்றுத் திட்டம் கிடைக்கவில்லை. ஏசஸோ நான்கு வருஷத்தில் மூன்று கோப்பை எடுத்தார்கள், அதில் மூன்றாவது வேறு ஆட்களோடு, வேறு முறையில்.

ஆகவே, ஒரு வாரம்தான் நேரம் இருக்கிறது, ஐந்து ஆட்டம் போதும் என்பவர்கள் யோசிக்காமல் 2024 ஃபைனலைப் பாருங்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஒரு அணி எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும் என்பவர்களும், பள்ளி அணியில் ஆடும் பிள்ளைகளும், அந்தப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்களும் 2025 ஏசஸை எடுங்கள். மே மாத ஆட்டங்களில் இரண்டு மூன்று போதும். ஆகஸ்ட் 2 ஆட்டத்தை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள், பார்க்கச் சங்கடமாக இருந்தாலும் கடைசி விசில் வரை பார்த்துவிட்டு அடுத்த நாள் ஆட்டத்தைப் போடுங்கள்.