‘குவாரண்டைன் முடிஞ்ச மீன்’ என்று சொன்னதை நம்பி என் தொட்டியைக் கெடுத்துக்கொண்டேன்

ஆறு வருடம் வளர்த்த பெண் ஏஞ்சல் மீனைப் போன மாதம் வலையில் அள்ளி எடுத்துப் புதைத்தேன். அதைக் கொன்ற நோயைக் காசு கொடுத்து வாங்கி வந்தவன் நான்தான். புது மீன் வாங்கப் போகிறவர்கள் படித்து, ஒரு தொட்டியாவது தப்பட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 200 லிட்டர் தொட்டி. ஒரு ஜோடி ஏஞ்சல், தரையில் மேய்கிற சின்ன மீனான கோரி ஆறு. இரண்டு வருடமாக ஒரு நோயும் இல்லை. கூட்டமாக நீந்த ஏதாவது வேண்டும் என்று ரம்மிநோஸ் டெட்ரா 12 வாங்கினேன். இந்த மீனுக்கு மூக்கு நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். கடையில் இருந்தவற்றின் மூக்கு வெளிறிப்போய், வெறும் ரோஸ் நிறத்தில் இருந்தது. கேட்டேன். “லைட்டுக்கு அப்படித் தெரியுது சார். மூணு வாரமா நம்மகிட்டதான் இருக்கு, குவாரண்டைன் முடிஞ்ச மீன். நேரா தொட்டியில விடலாம். பைத் தண்ணியையும் ஊத்திடுங்க, மருந்து போட்டிருக்கு” என்றார் விற்றவர். வீட்டில் தனித்தொட்டி சும்மாதான் கிடந்தது. அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் அதை எடுக்கவில்லை. பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தண்ணீரோடு அப்படியே ஊற்றினேன்.

நாலாம் நாள் ஒரு டெட்ரா கூட்டத்தை விட்டு விலகி, துடுப்பை மடக்கிக்கொண்டு மேல் மூலையில் நின்றது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. மறுநாள் பெண் ஏஞ்சல் திடீரென்று சாய்ந்து, ஹீட்டர் மேல் உடம்பைத் தேய்த்துவிட்டுப் போனது. ஆறாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். வால் துடுப்பில் பொடி உப்பைத் தூவினதுபோல் வெள்ளைப் புள்ளிகள்.

கடைக்கு ஓடினேன். “உங்க தண்ணி சரியில்ல சார்” என்றார். அன்று காலைதான் டெஸ்ட் செய்திருந்தேன். மீன் கழிவிலிருந்து வரும் விஷங்கள் இரண்டும் இல்லை: அம்மோனியா 0, நைட்ரைட் 0. அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. லேபிள் இல்லாத ஒரு சின்னப் புட்டியில் நீல மருந்தைக் கொடுத்து, “ஒரே டோஸ், எல்லாம் போயிடும்” என்றார். வெளியே வரும்போது மீன் பிடித்துக் கொடுக்கிற தம்பியிடம் கேட்டேன். “அந்த லாட் நீங்க வாங்கினதுக்கு முந்தின நாள்தாண்ணே வந்துச்சு” என்றான். தொட்டி வரிசைக்குக் கீழே குனிந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: எல்லாத் தொட்டிக்கும் ஒரே ஃபில்டர், ஒரே தண்ணீர். ஒன்றில் நோய் வந்தால் அத்தனையிலும் சுற்றும். அந்த அமைப்பில் மூன்று வாரம் இல்லை, மூன்று மாதம் வைத்திருந்தாலும் அது குவாரண்டைன் ஆகாது.

வெள்ளைப்புள்ளி நோயை ஒரே டோஸில் தீர்க்கவும் முடியாது. நமக்குத் தெரிகிற புள்ளி, மீனின் தோலுக்கு அடியில் இருக்கிற ஒட்டுண்ணி. அங்கே மருந்து அதைத் தொடாது. வளர்ந்ததும் உதிர்ந்து, தரையில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பெருகி, மறுபடி மீனைத் தேடி நீந்தி வரும். அந்த நீந்துகிற கட்டத்தில்தான் மருந்து கொல்லும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் லேபிளில் சொன்ன நாள் வரை தொடர வேண்டும். முதலில் செவுளில் மட்டும் இருந்துவிட்டு, வெளியே ஒன்றும் தெரியாமல் இருப்பதும் உண்டு. கடையில் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது என்பது அதனால்தான்.

அந்த நீல மருந்து பெரும்பாலும் மெத்திலீன் ப்ளூ. பதற்றத்தில் அதையும் ஊற்றினேன். தொட்டி ஓரத்து சிலிக்கான் இன்னும் நீலமாகவே இருக்கிறது. அது ஃபில்டரில் இருந்து அம்மோனியாவைத் தீர்க்கிற நல்ல பாக்டீரியாவையும் விட்டுவைக்காது. மூன்றாம் நாள் அம்மோனியா 1-ஐத் தொட்டது. நோயில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மீன்களுக்கு அது தாங்கவில்லை. பெண் ஏஞ்சல் அன்று இரவு போனது. அப்புறம்தான் லேபிள் உள்ள சரியான மருந்து வாங்கி, மருந்தை உறிஞ்சிவிடும் கார்பனை ஃபில்டரிலிருந்து எடுத்துவிட்டு, சூட்டை மெதுவாக 29 டிகிரிக்கு ஏற்றி, கூடுதலாகக் காற்றுக் குமிழி விடுகிற ஒரு ஏர் ஸ்டோன் போட்டு, தினமும் தரையை உறிஞ்சித் தண்ணீர் மாற்றினேன்.

கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, உங்கள் வீட்டில் நீங்களே தனியாக வைத்துப் பாருங்கள். 40 லிட்டர் தொட்டி, ஓடுகிற ஃபில்டரில் ஏற்கெனவே ஊறி நல்ல பாக்டீரியா பிடித்த ஒரு ஸ்பாஞ்ச், ஹீட்டர், ஒளிய ஒரு பிவிசி குழாய்த் துண்டு. மணல் வேண்டாம். நாலு வாரம். அதற்கென்று தனி வலை, தனி டியூப், தனி வாளி. இதில் சோம்பல்பட்டால் மற்றதெல்லாம் வீண், ஈர வலை ஒன்று போதும் நோயைக் கொண்டுபோக. பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக் கூடாது. பை வெகுநேரம் பயணத்தில் இருந்தது என்றால், திறந்து வைத்துவிட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டு உட்காராதீர்கள். மூடின பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து, தண்ணீர் அமிலமாகி பிஎச் இறங்கியிருக்கும், அதுவரை அம்மோனியாவின் விஷம் அடங்கியிருக்கும். திறந்ததும் பிஎச் ஏறி, விஷமும் ஏறும். சூடு சமமானதும் மீனை வலையில் எடுத்து விட்டுவிடுவது நல்லது.

மொத்தம் செத்தது ஒன்பது டெட்ரா, இரண்டு கோரி, பெண் ஏஞ்சல். விற்றவரிடம் மறுபடி போய்க் கேட்டேன். “மீன்னா சாகத்தான் சார் செய்யும்” என்றார். அவர் பின்னால் அதே தொட்டியில் அடுத்த லாட் ரம்மிநோஸ் நின்றது, மூக்கு வெளிறி. பக்கத்தில் ஒரு சின்னப் பையன் அப்பாவிடம் அதைக் கைகாட்டிக்கொண்டிருந்தான். அவர்களை வெளியே கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னேன். அன்றைக்கு வாங்காமல் போனார்கள்.