விண்டோஸ் 11-ஆ, லினக்ஸ் மின்டா: பத்து வயது மடிக்கணினிக்கு எது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மேலும் ஓராண்டுக்குக் கிடைக்கும், அவ்வளவுதான். எங்கள் வீட்டு மடிக்கணினி 2016-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை இன்டெல், 4 ஜிபி நினைவகம். விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும். ஆக, எங்களுக்கு விண்டோஸ் 11 என்றால் புதுக் கணினி என்று பொருள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22 அந்தக் கணினியை அப்படியே ஏற்றுக்கொண்டது. குறைந்தது 2 ஜிபி, வசதியாக ஓட 4 ஜிபி இருந்தால் போதும். 2029 வரை ஆதரவு உண்டு. அதன் அடித்தளம் உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ்தான். ஆனாலும் உபுண்டுவின் வழக்கமான முகப்புக்கு 4 ஜிபி போதாமல் திணறும் என்பதால், மின்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான முகப்புள்ள பதிப்பை எடுத்தேன். மெனு இடது கீழ் மூலையில் இருப்பதால் அம்மாவுக்கும் தடுமாற்றம் இல்லை. வேகத்தைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கூடவே பழைய ஹார்ட் டிஸ்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டேன். பாதிப் புகழ் அதற்கே சேரும்.

தமிழ்த் தட்டச்சில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். விண்டோஸில் தமிழ்99 விசைப்பலகை முறைக்குப் பழகிய விரல்கள் ‘அம்மா’ என்று எழுத ம-வை இருமுறை தட்டும். முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும். மின்டின் விசைப்பலகைப் பட்டியலில் தெரியும் தமிழ்99-ஐச் சேர்த்தால் அந்தப் புள்ளி வராது. அது வெறும் எழுத்து அமைப்பு மட்டுமே. ஐபஸ் என்ற தட்டச்சு உதவி மென்பொருளை நிறுவி, அதோடு பல மொழி விசைப்பலகைகள் கொண்ட எம்17என் தொகுப்பையும் சேர்த்து, அதிலுள்ள தமிழ்99-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது தெரியாமல் ‘லினக்ஸில் தமிழ் சரியில்லை’ என்று விண்டோஸுக்கே திரும்பிப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எழுத்துருவும் அப்படித்தான். லதாவில் அடித்த மூன்று பக்கச் சங்க அறிக்கையை லிப்ரே ஆபிஸில் திறந்தால் நான்காம் பக்கத்துக்கு வழிந்தது. லதா விண்டோஸுக்கு உரியது. இங்கே அதன் இடத்தில் வேறோர் எழுத்துரு உட்கார்ந்துகொள்கிறது. இப்போது விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவையே பயன்படுத்துகிறோம். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளுக்கு அந்த எழுத்துருவை நிறுவினாலே போதும்.

விண்டோஸ் தெளிவாக வெல்லும் இடங்களும் உண்டு. டேலி, போட்டோஷாப், பேஜ்மேக்கர் ஆகிய மூன்றுக்குமே லினக்ஸ் பதிப்பு இல்லை. கணக்கு எழுதிப் பிழைக்கும் என் அத்தான் கேட்டபோது, ‘நீங்கள் மாற வேண்டாம், அத்தான்’ என்றுதான் சொன்னேன். மாத வருமானத்தை வைத்துச் சோதனை செய்யக் கூடாது.

வீட்டுக் கணினி வேறு. விண்டோஸ் 11-இன் ஹோம் பதிப்பு முதல் நாளே இணையத்தையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்கிறது. மின்ட் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கேட்டதோடு சரி. புதுப்பிப்புகளைக்கூட நான் சொல்லும்போதுதான் நிறுவுகிறது. என் வீட்டில் இருக்கும் கணினி என் சொல்லைக் கேட்க வேண்டும் என்பது எனக்கு விலையைவிடப் பெரிய காரணம். இது நமக்குப் புதிதும் அல்ல. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து காட்டத்தான் ஆள் இல்லை.

மாற நினைப்பவர்கள் முதலில் கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுங்கள். பிறகு பென்டிரைவிலிருந்தே மின்டை ஓட்டிப் பாருங்கள்; உள்ளிருக்கும் விண்டோஸுக்கு எதுவும் ஆகாது. வைஃபை, ஒலி, கேமரா எல்லாவற்றையும் சோதியுங்கள். பிரிண்டரை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன். எங்கள் பழைய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸ் இயக்கி சரியாக அமையவில்லை. அதற்காக மட்டும் விண்டோஸ் 10-ஐ இணைய இணைப்பு இல்லாமல் ஒரு தனிப் பகுதியில் வைத்திருக்கிறேன்.