வயர்கார்டு: வேகமான டனல், ஆனால் வாய் திறக்காது

வீட்டுக்கோ சின்ன அலுவலகத்துக்கோ வி.பி.என் (இணையத்தின் நடுவே குறியாக்கம் செய்த தனி வழி, அதாவது டனல்) போடுவதென்றால் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது வயர்கார்டுதான். ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் அதன் கர்னலுக்குள்ளேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்கிறது. இன்னொரு வி.பி.என் மென்பொருளான ஓப்பன்வி.பி.என்னைப் போலச் சான்றிதழ், சைஃபர் (குறியாக்க முறை) என்று எதையும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆளுக்கொரு சாவி ஜோடி, எதிர்ப்பக்கத்தின் பொதுச்சாவி, ஒரு யு.டி.பி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் பாக்கெட் அனுப்பும் முறை) போர்ட், அவ்வளவுதான். குறியாக்கத்துக்குச் சாச்சா20 என்ற முறை என்பதால், ஏ.இ.எஸ் என்ற இன்னொரு முறைக்குத் தனி வன்பொருள் இல்லாத மலிவு ரூட்டரிலும் நன்றாகவே ஓடுகிறது.

தொந்தரவு அதன் மௌனம். சாவி ஒரு எழுத்து மாறினாலும் சர்வர் பதிலே அனுப்பாது. போர்ட் ஸ்கேன் செய்பவருக்கு எதுவும் தென்படாது என்பது அருமையான பாதுகாப்பு; அமைப்பவருக்கோ எங்கே தப்பு என்றே தெரியாது. 'டபிள்யூ.ஜி ஷோ' (wg show) கட்டளை கொடுத்து, கடைசி ஹேண்ட்ஷேக் (இரு பக்கமும் சாவி சரிபார்த்து இணைவது) நேரத்தைப் பாருங்கள். அந்த வரியே இல்லையென்றால் சாவி, முகவரி, போர்ட், ஃபயர்வால் இவற்றில் ஏதோ ஒன்று. ஹேண்ட்ஷேக் நடந்தும் இணையம் வரவில்லையா? சர்வரில் ஐ.பி ஃபார்வர்டிங்கையும் (டனலில் வரும் பாக்கெட்டை வெளியே கடத்துவது) மாஸ்கரேட் விதியையும் (அதைச் சர்வரின் முகவரியில் அனுப்புவது) சரிபாருங்கள். அலவ்டு ஐ.பியில் (எந்த முகவரி யாருக்கு என்று சொல்லும் வரி) இரண்டு போன்களுக்கு ஒரே முகவரி கொடுத்துவிட்டால், பின்னால் சேர்த்த போன் அதை எடுத்துக்கொள்ளும். முந்தையது சத்தமில்லாமல் நின்றுவிடும். சர்வர் பக்கம் ஒவ்வொரு போனுக்கும் தனி /32 (ஒரே ஒரு முகவரி) எழுதுவதே சரி.

பலர் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்ளும் இடம் எம்.டி.யு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. பிங் போகும், எஸ்.எஸ்.எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) நுழையும், வலைப்பக்கம் மட்டும் பாதியில் தொங்கும். டனல் தன் பங்குக்கு ஐ.பி.வி4 மேல் 60 பைட், ஐ.பி.வி6 மேல் 80 பைட் சேர்க்கிறது. சாதாரண இணைப்பின் 1500 பைட்டில் 80 போக மீதி 1420. அதுவே வழக்கமான அளவு. பி.பி.பி.ஓ.இ (சில பிராட்பேண்ட் நிறுவனங்கள் பயன்படுத்தும் முறை) இணைப்பில் கிடைப்பதோ 1492. அதில் ஐ.பி.வி6 வழியாகப் போனால் பெரிய பாக்கெட் துண்டாகும், அந்தத் துண்டுகளை வழியில் எவராவது கழித்துவிட்டால் பக்கம் திறக்காது. 1412 வைத்தால் தீரும். மொபைல் டேட்டாவில் தகராறு செய்தால் 1280-க்கு இறக்குங்கள்.

வீட்டு இணைப்புக்குத் தனி பப்ளிக் ஐ.பி இல்லாமல் கேரியர் நாட் (CGNAT: பல வீடுகள் ஒரே பப்ளிக் ஐ.பியைப் பகிர்வது) பின்னால் இருந்தால், வெளியிலிருந்து அதைத் தொடவே முடியாது. பப்ளிக் ஐ.பி உள்ள ஒரு வி.பி.எஸ்ஸை (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) நடுவில் வையுங்கள். வீட்டுப் பக்கத்தில் கீப்பலைவ் (இணைப்பை விழித்திருக்க வைக்கும் சிறு பாக்கெட்) 25 வினாடி போடாவிட்டால், சும்மா கிடக்கும்போது நாட் வழி மூடிக்கொள்ளும்.

யு.டி.பியையே தடுக்கும் விடுதி வைஃபையில் வயர்கார்டு தனியாக ஒன்றும் செய்ய முடியாது. அதற்காக மட்டும் ஓப்பன்வி.பி.என்னை டி.சி.பி (தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும் முறை) 443-இல், அதாவது வலைத்தளங்களின் வழக்கமான போர்ட்டில், இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பாக்கெட் தொலைந்தால் உள்ளே ஒரு டி.சி.பி, வெளியே ஒரு டி.சி.பி என இரண்டுமே மறுபடி அனுப்பத் தொடங்கும். லைன் மோசமாக இருந்தால் வேகம் சரிந்துவிடும். மெயில் பார்க்கப் போதும், வீடியோ காலுக்கு உதவாது.