நெடுங்காலம் நின்ற டாட்டா 1210 லொறி: எஞ்சினை எழுப்பிய முறையும் அதன்பின் ஓட்டிய அனுபவமும்

மட்டக்களப்பு படுவான்கரையில் எங்கள் குடும்பத்தின் நெல் லொறி 2009ஆம் ஆண்டு வளவுக் கொட்டிலில் நிறுத்தப்பட்டு, 2021 வரை ஒரு தடவையேனும் ஸ்டார்ட் செய்யப்படாமல் நின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய லொறிகளின் விலைகூடக் கைக்கெட்டாமல் போனதால், நிற்பதையே ஓட வைப்பது என்று முடிவெடுத்தோம். அன்று முதல் ஒவ்வொரு அறுவடையிலும் அது மூடை ஏற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படியான லொறிகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பல வளவுகளில் இன்னும் நிற்கின்றன. அவற்றை எழுப்ப எண்ணுவோருக்காக, செய்ததையும் அதன்பின் கண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

டாட்டா லொறி உற்பத்தியில் இறங்கியது 1954இல் ஜேர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியாகத்தான். எங்கள் லொறியில் இருக்கும் எஞ்சினும் அந்த வழி வந்ததே: ஆறு சிலிண்டர், 97 மில்லிமீற்றர் விட்டம், 128 மில்லிமீற்றர் ஓட்டம், மொத்தம் 5,675 சீசீ. எலெக்ட்ரொனிக் பாகம் எதுவும் இல்லாததால், நிதானமுள்ள ஒருவர் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து எதையும் அறிந்துகொள்ள முடியும். உதிரிப்பாகங்களும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இன்றுவரை கிடைக்கின்றன.

எங்கள் பக்கத்தில் நின்ற லொறியை எழுப்பும் வழக்கமான முறை, புதுப் பெட்டரி போட்டு, எயார் எடுத்து (டீசல் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றி), அதற்கும் மசியாவிட்டால் டிரக்டரில் கயிறு கட்டி இழுப்பதுதான். சில வாரங்கள் நின்ற எஞ்சினுக்கு அது சரிவரலாம். பல வருடம் நின்ற எஞ்சினை அப்படி இழுப்பதை நான் முற்றாக எதிர்க்கிறேன். பெயாரிங்குகளில் ஒயில் வடிந்து காய்ந்திருக்கும். இறுகிப்போன வால்வு ஒன்று இருந்தாலே அதைத் தள்ளித் திறக்கும் புஷ் ரொட் வளைந்துவிடும். சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால், நீர் அமுங்காது என்பதால், கனெக்டிங் ரொட்டே வளையும். காற்று வாயில் ஈதர் ஸ்பிரே அடிப்பதும் இதே வகை அவசரம். அது நேரம் தப்பி வெடித்து பிஸ்டன் ரிங்குகளை உடைக்கக்கூடியது. தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

எங்களுக்கு உதவ வந்த மூத்த மெக்கானிக் பொனட்டைத் திறந்ததும் முதலில் சொன்னது இது: "மனே, நிப்பாட்ட வழியைப் பார்த்துட்டுப் பிறகு ஸ்டார்ட் பண்ணுறதைப் பத்திக் கதைப்பம்." டீசல் எஞ்சினைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான பேச்சு கிடையாது. பெற்றோல் எஞ்சினைப் போலச் சாவியைத் திருப்பினால் இது நிற்காது. டீசல் உள்ளே போகும் வரை ஓடும். டீசல் பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டான ரேக், முழு டீசல் நிலையில் சிக்கிவிட்டால், தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும் வேகம் வரை ஏறும். நெடுநாள் நின்ற பம்பில் அந்த ரேக் சிக்குவது மிகச் சாதாரணமான விடயம்.

டீசல் பம்பின் பக்க மூடியைக் கழற்றியபோது, உள்ளே பழைய டீசல் மண்ணிறப் பிசினாக உறைந்திருந்தது. விரலால் தள்ளியபோது ரேக் அசையவே இல்லை. சுத்தமான டீசலால் திரும்பத் திரும்ப நனைத்து, எதையும் நெம்பாமல், மெல்ல மெல்ல அசைத்து, அது தானாக வழுக்கித் திரும்பும் நிலைக்குக் கொண்டுவந்தோம். அடுத்தது, டீசலை நிறுத்தி எஞ்சினை அணைக்கும் ஸ்டொப் கேபிள். கெபினுக்குள் குமிழை இழுத்தால் அது வெளியே வந்தது. ஆனால் கேபிள் இழுக்க வேண்டிய, பம்பில் உள்ள கை (லீவர்) ஒரு மயிரிழையும் நகரவில்லை. உறைக்குள்ளே கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது. வாவிக் காற்றில் உப்பு இருப்பதால் எங்கள் ஊரில் கேபிள்களுக்கு இதுதான் கதி. கெபினில் இருந்தபடியே இழுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாமல், ஒருவர் பம்பின் அருகில் நின்று கை நகர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும். எங்கள் பம்பின் கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) காற்று உறிஞ்சலால் இயங்குவது என்பதால், அதன் தோல் டயஃபிராமையும் காற்றுக் குழாயையும் மாற்றினோம். அந்தத் தோல் கிழிந்திருந்தால் ஸ்பிரிங் ரேக்கை முழு டீசல் பக்கம் தள்ளிவிடும். ஏதாவது பிசகினால் காற்று வாயை அடைப்பதற்கு, கைபிடி வைத்த தடித்த பிளைவூட் பலகை ஒன்றையும் வெட்டி வைத்தோம். கையாலோ துணியாலோ அடைக்க முயலக் கூடாது; ஓடும் எஞ்சினின் உறிஞ்சல் அதை உள்ளே இழுத்துவிடும்.

2011 ஜனவரி வெள்ளம் கொட்டிலுக்குள்ளும் வந்திருந்தது. சுவரில் படிந்திருந்த வண்டல் கோட்டிலிருந்து மட்டக் குழாய் பிடித்துப் பார்த்தபோது, தண்ணீர் பின் அச்சுக்கு மேலே ஏறியும், எஞ்சின் ஒயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பைத் தொடாமலும் இருந்தது தெரிந்தது. அதற்கேற்ப, பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்சலைத் திறந்தபோது வந்த ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தது. சம்ப்பின் பிளக்கை மிக மெதுவாகத் தளர்த்தியதில் முதலில் சொட்டியது சிறிதளவு தண்ணீர், அதன் பின்னரே கறுத்த ஒயில். அந்த அளவு ஈரக்காற்று குளிர்ந்து சேர்ந்ததாக இருக்கலாம். கணிசமான தண்ணீர் வந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. எயார் கிளீனருக்குள் எலிக்கூடும், சைலன்சர் வாயில் குளவி கட்டிய மண்கூடும் இருந்தன.

பின்னர் சிலிண்டர்களுக்குள் டீசலைப் பீச்சும் ஆறு இன்ஜெக்டர்களையும் கழற்றி, ஒவ்வொரு துளை வழியாகவும் டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து சிறிது ஊற்றி, சில நாட்கள் ஊற விட்டோம். ஸ்டாட்டரைத் தொடவில்லை. கிராங்க் முன் நட்டில் நீண்ட கைபிடியைப் போட்டு, முன்னும் பின்னுமாக, பிடிவாதம் பிடிக்கும் இடத்தில் அழுத்தாமல் திருப்பினோம். வால்வுகளின் மேல்மூடியான ரொக்கர் கவரைக் கழற்றியே இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பன்னிரண்டு வால்வுகளும் இறங்கி ஏறுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே திருப்பியதால்தான், எக்ஸோஸ்ட் வால்வு ஒன்று இறங்கிய இடத்திலேயே நின்றதைக் கண்டோம். தண்டில் ஒயில் விட்டு, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டியதும் அது விடுபட்டது. ஸ்டாட்டரால் சுற்றியிருந்தால் புஷ் ரொட் போயிருக்கும். இன்ஜெக்டர்கள் வெளியே இருக்கும்போதே ஸ்டாட்டரால் சுற்றி மிச்சத் திரவத்தை வெளியேற்ற வேண்டும். அவ்வேளை துளைகளுக்கு நேரே யாரும் முகம் வைக்கக் கூடாது. கழற்றிய இன்ஜெக்டர்களைச் சோதிப்பதைக் கருவி உள்ள கடையிடமே விடுங்கள். 200 பார் அளவில் வெளிவரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அந்தக் காயம் வெளிப்பார்வைக்குச் சிறிதாக இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டியது.

டாங்கியை நம்பவில்லை. அதன் அடியில் தண்ணீரும் துருவும் கறுத்த சேறும் கிடந்தன. சுத்தமான டீசலை ஒரு கானில் ஊற்றி, எஞ்சினைவிட உயரமாகக் கட்டி, புது ஃபில்டர் வழியாகக் கொடுத்து, ஃபில்டரில் தொடங்கிப் பம்ப் வரை எயார் எடுத்தோம். ரேடியேட்டரை அலசி, ஹோஸ்களை மாற்றி, நல்ல தண்ணீர் விட்டோம். வாவி ஓரக் கிணறுகளின் உவர் நீரை எஞ்சினுக்குள் ஊற்றவே கூடாது.

ஸ்டார்ட் செய்த நாளில் லொறியைத் திறந்த வெளியில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டோம். தீயணைப்புக் கருவியும் பக்கத்திலேயே இருந்தது. முதலில் ஸ்டொப்பை இழுத்துப் பிடித்தபடி, டீசல் போகாமல், ஒயில் மீற்றர் முள் எழும்பும் வரை ஸ்டாட்டரை விட்டு விட்டுச் சுற்றினோம். இதைத் தவிர்த்தால் காய்ந்த பெயாரிங்கின் மேல் எஞ்சின் வெடித்து ஓடத் தொடங்கும். அதன் பின்னரே ஸ்டொப்பை விட்டோம். கெபினில் ஒருவர், காற்று வாயருகே பலகையுடன் ஒருவர், ஃபேனுக்கு நேரே யாரும் இல்லை. எஞ்சின் பிடித்து, வெள்ளைப் புகை கக்கி, சற்று நேரத்தில் சீரானது. உடனே ஸ்டொப்பை இழுத்து நிறுத்தி, அது நிற்கிறது என்று உறுதி செய்துகொண்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து குறைந்த வேகத்தில் சூடாக விட்டோம். அந்த முதல் ஒயிலை ஓரிரு மணி நேர ஓட்டத்துக்குப் பின் இறக்கி 15டபிள்யூ-40 புது ஒயில் விட்டோம்.

வீதியில் இறக்குமுன் பிரேக் முழுவதையும் பிரித்துச் செய்தோம். லொக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் இரும்பு வளையம்) உள்ள சில்லுகளுக்குத் துருவைப் பார்க்காமல் காற்று அடிக்கக் கூடாது. ரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், சங்கிலி சுற்றி, பக்கவாட்டில் விலகி நின்றே அடித்தோம்.

இத்தனை போக ஓட்டத்தின் பின் மதிப்பிட்டால், எஞ்சினின் உட்பகுதி எங்களுக்கு எந்தத் தொல்லையும் தரவில்லை. தொடக்கத்தில் நீலப் புகையும் ஒயில் குறைவும் இருந்தன. ரிங்குகள் விடுபட்டு அமர்ந்ததும் இரண்டும் வெகுவாகக் குறைந்தன. தொல்லை தந்தவை எல்லாம் ரப்பரும் சீலும்தான். வோட்டர் பம்ப் சீல் முதலாவது பெரும்போக அறுவடையிலேயே ஒழுகியது. டாங்கியிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்ப் அடுத்த ஆண்டு போனது. டாங்கியைக் கழற்றிக் கழுவியிருந்தும் துரு தொடர்ந்து வந்துகொண்டிருந்ததால், கடைசியில் புது டாங்கியே அடித்தோம். பழைய டாங்கியைத் திருத்தச் செலவழிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பணம் கொடுத்ததில் மிகவும் பயன் தந்தது, டீசல் பம்பைக் கருவியில் ஏற்றி அளவு சரிபார்த்ததுதான். அதன் பின் புகையும் டீசல் செலவும் கண்கூடாகக் குறைந்தன.

2022 டீசல் தட்டுப்பாட்டில் லொறி மறுபடி பல வாரங்கள் நின்றது. வழமையாக டாங்கியை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் கட்டாது. அப்போது நிரப்ப டீசலே இல்லை. ஆகவே ஒவ்வொரு கிழமையும் எஞ்சினைக் கையால் சுற்றி வைத்து, மீண்டும் ஓட்டுமுன் டாங்கி அடிப் பிளக்கைத் திறந்து தண்ணீரை வடித்தோம். ஸ்டொப் கேபிளையும் பம்ப் பக்கம் நின்று பார்த்த பின்பே சாவியைத் திருப்பினோம். இன்றும் ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் அப்படியே செய்கிறோம். இப்போது மிச்சமிருக்கும் குறை, கிராங்கின் பின் சீலில் வரும் சிறு கசிவு ஒன்றே. கியர்பொக்ஸை இறக்காமல் அதைச் செய்ய முடியாது. கிளட்ச் பிளேட் மாற்றும்போது சேர்த்தே செய்வதாக இருக்கிறோம்.