குருசேடர் 3-ஆ, பேன்டமா?

1958-இல் அமெரிக்கக் கடற்படை இரண்டு போர் விமானங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வாட் நிறுவனத்தின் குருசேடர் 3-க்கு ஒரே ஜே75 எஞ்சின், ஒரே விமானி. மெக்டானலின் பேன்டமுக்கு இரண்டு ஜே79 எஞ்சின்கள், ரேடாரைக் கவனிக்கப் பின்னிருக்கையில் இன்னொருவர்.

அழகும் சுறுசுறுப்பும் குருசேடரிடம்தான். அதிவேகத்தில் நிலைதடுமாறாமல் இருக்க வயிற்றுக்கடியில் இரண்டு பெரிய துடுப்புகள். தரையிறங்கும்போது அவை பக்கவாட்டில் மடங்கிக்கொள்ளும். எத்தனை அருமையான யோசனை!

சரி, ஏன் தோற்றது? இரவிலும் மோசமான வானிலையிலும் விமானத்தை ஓட்டிக்கொண்டே ரேடாரையும் பார்ப்பது ஒருவருக்குப் பெரும் சுமை. ஸ்பாரோ ஏவுகணைகளும் குருசேடரில் மூன்று, பேன்டமில் நான்கு. தவிர, பேன்டம் குண்டும் சுமக்கும்.

டிசம்பரில் கடற்படை பேன்டமைத் தேர்ந்தெடுத்தது. அந்த முடிவு சரிதான். ஆனாலும் கட்டிய ஐந்து குருசேடர்களில் ஒன்றைக்கூட அருங்காட்சியகத்துக்கு வைக்காமல் உடைத்துப்போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.