அகாய் எம்பிகே மினி 3: குறும்பட இசைக்குப் போதுமா?

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் வீட்டிலிருந்தே குறும்படங்களுக்கு மின்னணு இசை செய்பவர்களுக்கு இந்தச் சின்ன மிடி கீபோர்டு (வாசிப்பைக் கட்டளைகளாகக் கணினிக்கு அனுப்பும் கருவி) தாராளம். 25 கட்டைகள், தட்டி வாசிக்க 8 பேடுகள், 8 குமிழ்கள். தனியாக ஒலிக்காது, கணினியும் மென்பொருளும் வேண்டும். யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுப்பதால் கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஓடும்.

சிக்கல் ஜாய்ஸ்டிக்கில். விரலை எடுத்ததும் நடுவுக்குத் திரும்பிவிடும். அதனால் ஸ்டிரிங்ஸை (வயலின் போன்ற தந்தி வாத்திய ஒலிகளை) மெல்ல ஏற்றி அப்படியே நிறுத்த முடியாது. அதற்கு ஒரு குமிழை சிசி 1-க்கு (மாடுலேஷனுக்கான மிடி கட்டளை எண்) மாற்றிவிடுங்கள். நாகஸ்வரச் சாயலில் சின்த் (மின்னணு ஒலியை உருவாக்கும் கருவி அல்லது மென்பொருள்) வாசிக்க அதே ஜாய்ஸ்டிக்தான் கைகொடுக்கும். பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும்) எல்லையை 2 அரைச்சுரமாக வையுங்கள். 12 வைத்தால் லேசாகத் தொட்டாலே சுருதி ஓடிவிடும், கமகம் கோணலாகும். நிஜ நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்தைப் பதிவு செய்து சேர்ப்பதானால், அதற்கேற்ப சின்தின் ஃபைன் ட்யூனைத்தான் (நுண் சுருதி அமைப்பு) நகர்த்த வேண்டும். வாசிக்க வாசிக்கச் சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) நனைந்து சுருதி மாறும், அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

கீபோர்டுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று: புராஜெக்டை வீடியோவுக்கு வழக்கமான 48 கிலோஹெர்ட்ஸில் (சாம்பிள் ரேட், அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது) தொடங்குங்கள். 44.1-இல் செய்த 10 நிமிட இசையை மாற்றாமல் 48-ஆக ஓட்டினால் சுமார் 9 நிமிடம் 11 விநாடியில் முடிந்துவிடும், சுருதியும் ஏறும்.

பழைய கருவிகளை இணைக்கும் 5 பின் மிடி துளை இந்தக் கீபோர்டில் கிடையாது. பழைய சின்தை நேரடியாக இணைக்க நினைப்பவர்கள் வேறு மாடல் பார்க்கலாம்.