வேதாரண்யத்து வீட்டில் ஜெனரேட்டர்: ஏழாவது வருடத்தில் எழுதுகிறேன்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டி எங்கள் பக்கம் கரையைக் கடந்தது. தென்னையும் மின்கம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. குடிநீருக்கு மோட்டார் ஓட வேண்டும், அம்மாவின் இன்சுலினுக்கு ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும். ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து வந்தோம்.

அதை வீட்டோடு இணைத்த விதம்தான் இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர் ஒன்றைத் தயார் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவரில் இருந்த பதினைந்து ஆம்ப் சாக்கெட்டிலும் செருகினோம். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டால் போதும் என்று நினைத்தோம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள்.

நாலைந்து நாள் கழித்து, வெளி மாவட்டத்திலிருந்து வந்த லைன்மேன்கள் கம்பம் நட வந்தார்கள். ஜெனரேட்டர் சத்தம் கேட்டு அவர்களில் வயதான ஒருவர் உள்ளே வந்து அந்த வயரைப் பார்த்தார். "தம்பி, ராத்திரி கரண்ட் வந்துடுச்சான்னு பார்க்க யாராவது மெயினைத் தூக்கினா, மேலே நிக்கிற எங்க கதி என்ன?" என்று கேட்டார். முந்தின இரவு என் மாமா அப்படித் தூக்கிப் பார்த்திருந்தார். ஜெனரேட்டர் அப்போது அணைந்திருந்தது, அவ்வளவுதான்.

டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குகிறது. வீட்டிலிருந்து 230 வோல்ட் திரும்பிப் போனால் அதே டிரான்ஸ்பார்மர் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். "தெரு லோடு முழுக்க ஏறினால் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடுமே" என்று சிலர் வாதாடுவார்கள். லைன் முழுதாக இருந்தால் நிற்கலாம். புயலில் லைன் இரண்டு கம்பம் தள்ளி அறுந்து கிடக்கும். அந்தத் துண்டில் லோடே இருக்காது, ஜெனரேட்டரும் நிற்காது. தரையில் கிடக்கும் கம்பியில் கரண்ட் இருக்கும். போதாததற்கு, அந்த வயரின் ஒரு முனை கழன்றால் பிளக்கின் பின்கள் வெளியே நீட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

2019 பொங்கல் முடிந்ததும் 5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கினோம். எங்களுடையது மூன்று பேஸ் வீடு. மீட்டருக்கு அடுத்து 63 ஆம்ப், நான்கு போல் (நான்கு கம்பிகளையும் சேர்த்து மாற்றும்) சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டோம். கைப்பிடி ஒன்றுதான்: ஒரு பக்கம் ஈ.பி., நடுவில் ஆஃப், மறுபக்கம் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் சேர அந்தச் சுவிட்சில் வழியே கிடையாது. யார் மறந்தாலும், இருட்டில் யார் தடுமாறினாலும் அது மாறாது. மூன்று போல் பேஸ்களுக்கு, நான்காவது போல் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பிக்கு. பல இடங்களில் பேஸை மட்டும் மாற்றிவிட்டு நியூட்ரலைப் பொதுவாக விடுகிறார்கள். அப்படி விட்டால் ஜெனரேட்டருக்கும் தெரு லைனுக்கும் ஒரு கம்பியில் தொடர்பு இருந்துகொண்டே இருக்கும். அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

ஜெனரேட்டர் ஒற்றை பேஸ்தான். அதனால் சுவிட்சின் ஜெனரேட்டர் பக்கத்தில் மூன்று பேஸ் முனைகளையும் ஒன்றாக லூப் செய்து, எல்லா அறைக்கும் கரண்ட் வரும்படி எலக்ட்ரீசியன் செய்தார். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. மூன்று பேஸ் மோட்டார் இருந்தால் அதன் எம்சிபியை (அதற்கான தனி பிரேக்கர் சுவிட்சை) இறக்கிய பிறகுதான் ஜெனரேட்டருக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் காயில் கருகிவிடும். எங்கள் வீட்டுக்கு ஒரு எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் என்பதால் தப்பித்தோம். அதையும் மற்ற லோடை எல்லாம் நிறுத்திவிட்டு முதலில் ஸ்டார்ட் செய்வோம். வெளிச்சுவரில் பின்கள் உள்ள 32 ஆம்ப் இன்லெட், ஜெனரேட்டரிலிருந்து வரும் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிளின் முனையில் துளை உள்ள கனெக்டர். கழன்றாலும் கை படும்படி உயிருள்ள உலோகம் எதுவும் வெளியே தெரியாது.

முதல் வருடம் ஒரு பெரிய குறை எங்கள் கண்ணில் படவே இல்லை. ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் பேஸ் ஏதாவது ஒரு பாடியில் பட்டாலும் கரண்ட் திரும்ப வழி இல்லை, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்க வேண்டிய 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி சுவிட்ச் விழாது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் 'டக்'கென்று விழும். அந்தப் பட்டன் எர்த் வழியாக வேலை செய்வதில்லை. அது தெரியாமல், அதை நம்பி நாங்கள் நிம்மதியாக இருந்தோம். இன்னொரு எலக்ட்ரீசியன் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் வைத்தபோது ஆர்சிசிபி அசையவே இல்லை. கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, ஜெனரேட்டருக்குத் தனி எர்த் குழி வெட்டி, அதன் நியூட்ரலை அங்கே சேர்த்தார். இப்போது லேம்ப்பை வைத்த நொடியே விழுகிறது. புதிதாகப் போடுபவர்கள் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாவது வருடம் வேறொரு பயம். ஈ.பி. கரண்ட் ஓடும்போது ஒரு அறையில் விளக்கு பளீரென்று எரிந்தது, இன்னொரு அறையில் மங்கியது. நல்லவேளை, உடனே மெயினை இறக்கினோம். சேஞ்ச் ஓவரில் நியூட்ரல் முனை தளர்ந்து கருகியிருந்தது. மூன்று பேஸ் வீட்டில் நியூட்ரல் விட்டுப்போனால் லோடு குறைந்த பேஸில் வோல்டேஜ் 400-ஐ நெருங்கக்கூடும், டிவியும் ஃப்ரிட்ஜும் போய்விடும். அதிலிருந்து வருடா வருடம் ஆடியில், மழைக்காலத்துக்கு முன்பு, எல்லா முனையையும் முறுக்கச் சொல்கிறேன்.

இன்வெர்ட்டர் ஆரம்பத்தில் ஜெனரேட்டர் கரண்ட்டை ஏற்கவில்லை. பின்னால் இருந்த சுவிட்சை யூ.பி.எஸ். மோடிலிருந்து நார்மலுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. பெட்ரோல் எங்கள் லோடுக்கு மணிக்கு ஒன்றேகால் லிட்டர் ஆகிறது. மாதம் ஒருமுறை இருபது நிமிடம் லோடோடு ஓட்டுவேன். ஒரு வருடம் அதை விட்டதில் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டது. நிவர் புயல் வந்தபோதும் புரெவி புயல் வந்தபோதும் முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. இடம் எப்போதும் வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி, மேலே தகரம் மட்டும். மழை என்று வராந்தாவுக்குள் இழுத்துவிடாதீர்கள், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சுவிட்ச், கேபிள், இன்லெட், எர்த் குழி, கூலி எல்லாம் சேர்த்தும் ஜெனரேட்டர் விலையில் ஐந்தில் ஒரு பங்கு ஆகவில்லை.

போன ஐப்பசி மழையில் தென்னை மட்டை விழுந்து சர்வீஸ் லைன் அறுந்தது. வந்த லைன்மேன் மீட்டர் பெட்டியில் நான் எழுதி வைத்திருந்த 'ஜெனரேட்டர் உள்ளது' என்பதைப் படித்துவிட்டு, "சேஞ்ச் ஓவரைக் காட்டுங்க சார்" என்றார். கைப்பிடியைப் பார்த்தார், தலையாட்டினார். ஆனாலும் கம்பியைப் பூமியோடு இணைக்கும் எர்த் ராடை மாட்டிவிட்டுத்தான் மேலே ஏறினார்.